கைங்கர்யத்துக்குக் கூலி கிடையாது

அத்தியாயம் 9

கல்கத்தா டாக்குரியாவில் ஒரு பையன் எலக்ட்ரீஷியன் ஆக ஐ.டி.ஐ.யில் இரண்டு வருஷம் படித்தால் போதும். வைத்தீஸ்வரனின் பிள்ளைக்கு மட்டும் அது போதவில்லை.

காரணம், வைத்தீஸ்வரன்தான். பாலிகஞ்சில் ஒரு வங்கிக் கிளையில் அதிகாரி. மகன் ஜெய்ராம் பி.காம்.மைப் பாதியில் விட்டுவிட்டு ஐ.டி.ஐ.க்குப் போன நாள்முதல் அவர் எல்லோரிடமும், "பையன் எலக்ட்ரிகல் லைன்ல இருக்கான்" என்று சொல்லி வந்தார். அது பொய் இல்லை. மீதியைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள். வருஷம் திரும்புவதற்குள் ஜெய்ராம் இன்ஜினீயர் ஆகிவிட்டான். பட்டம் கொடுத்தது எந்த சர்வகலாசாலையும் இல்லை. மாமிகள்.

இன்ஜினீயர் வீட்டுக்கு வந்து ஃபேனைச் சரிபண்ணிக் கொடுத்தால் அவன் கையில் காசைத் திணிக்கலாமோ? கூடாது. அவமானம். ஆகவே வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தார்கள். பாலிகஞ்சில் ஒரு வீட்டில் கீஸரைக் கழற்றிப் பூட்டியதற்கு அவன் அம்மாவுக்கு ரவிக்கைத் துணி வந்தது. அதே பாலிகஞ்சில், அதே தெருவில், வங்காளி மிஸ்திரி ஒருவன் சுவிட்ச் மாற்றிவிட்டு, வாசற்படியில் மண் குவளையில் டீ குடித்துவிட்டு, ரூபாயை எண்ணி வாங்கிக்கொண்டு போனான். ஜெய்ராம் அந்த மண் குவளையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டான்.

போன வாரம் வீட்டில் சண்டை முற்றியது. ராஜலக்ஷ்மி நடுவில் புகுந்து புருஷனுக்கும் பிள்ளைக்கும் ஓர் ஒப்பந்தம் செய்துவைத்தாள். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஜெய்ராம் ஒரு வேலைக்காவது முழுக் கூலி வாங்கிக் கையில் வைத்துக் காட்ட வேண்டும். காட்டினால் அப்பா இனி வாய் திறக்க மாட்டார். காட்டாவிட்டால் திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு டல்ஹௌசியில் ஒரு சணல் கம்பெனியில் குமாஸ்தா. பஜனை மண்டலித் தலைவர் துரைசாமி சொல்லிவைத்திருக்கிற வேலை.

ஜெய்ராம் தைரியமாகத்தான் ஒத்துக்கொண்டான். கையில் ஒரு வேலை இருந்தது. அப்பா செயலாளராக இருக்கிற ஸ்ரீ கல்யாணராம பஜன மண்டலியின் ஹாலுக்கு ராம நவமிக்குள் புது ஒயரிங். பொருளாளர் சுந்தரத்திடம் போனில் பேசியிருந்தான். விளக்கோ ஃபேனோ, பாயிண்டுக்கு முப்பது ரூபாய். சுந்தரம் சொன்ன பதில்: "பார்த்துக்கலாம்பா."

அந்த ஞாயிற்றுக்கிழமை விடிந்தது.

"எங்கடா கிளம்பிட்ட?" என்றார் வைத்தீஸ்வரன், பேப்பருக்குப் பின்னாலிருந்து.

"ஹாலுக்கு. இன்னும் நாலு பாயிண்ட் பாக்கி. சாயந்திரம் உத்ஸவம் ஆரம்பிச்சுடும்."

"அந்தப் பையை ஏன் தோள்ல மாட்டிண்டு போற? ஒரு ரிக்ஷால வெச்சுண்டு போ. யாராவது பார்த்தா என்ன நினைச்சுப்பா?"

"எலக்ட்ரீஷியன்னு நினைச்சுப்பா."

"அதைத்தான் சொல்றேன்."

"நான் எலக்ட்ரீஷியன்தான்ப்பா."

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். பாரா முழுக்க, பேட்டை முழுக்கத் தெரியணுமா?"

ராஜலக்ஷ்மி தோசைத் திருப்பியோடு வந்து நின்றாள். "ஏன்னா, பாரால தெரிஞ்சாத்தானே அவனைக் கூப்பிடுவா? தெரியாம என்ன தொழில் பண்றது, திருட்டுத் தொழிலா?"

"நீ சும்மா இரு. இன்னிக்கு ராத்திரிவரைக்கும்தான் இந்தப் பேச்செல்லாம்."

வைத்தீஸ்வரன் பேப்பரைத் திருப்பினார். ஜெய்ராம் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே போனான்.

ஹாலுக்குள் அப்போதே கல்யாண வீட்டுக் களை. பந்தல்காரன், பூக்காரன், சமையல்காரர் எல்லாரும் சுந்தரத்தைச் சுற்றி நின்றிருந்தார்கள். சுந்தரம் மண்டலியின் பணத்தைத் தன் பணம்போல் நேசிப்பவர். பந்தல்காரனை நாணயமில்லாதவன் என்று திட்டினார். பூக்காரனிடம் மாலைக்கு மாலை பேரம் பேசினார். சமையல்காரரிடம், போன வருஷம் சாம்பாரில் உப்பு இல்லை என்றார். கடைசியில் மூவருக்கும் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தார்.

ஏணிமேல் நின்று ஒயர் ஓடும் கேஸிங்கை மூடிக்கொண்டிருந்த ஜெய்ராமுக்குப் பொறாமையாக இருந்தது. திட்டு, பேரம், காசு. இதுதான் வரிசை. அவனை இதுவரை யாரும் திட்டக்கூட இல்லை.

இறங்கி வந்தான். "சுந்தரம் மாமா, வேலை முடிஞ்சது. எல்லா பாயிண்டும் டெஸ்ட் பண்ணிட்டேன்."

"பேஷ், பேஷ். பிரமாதமா பண்ணியிருக்கே. காபி சாப்பிட்டயோ?"

"காபி வேண்டாம் மாமா. கூலி பேசியிருந்தேனே."

சுந்தரம் சுற்றுமுற்றும் பார்த்தார். "கூலியா? என்ன வார்த்தைடா அது? உங்கப்பா காதுல விழப்போறது."

"அவர் காதுல ஒரு வாரமா விழுந்துண்டுதான் இருக்கு."

"சாயந்திரம் பேசிக்கலாம்பா. தலைவர் உனக்கு என்னமோ வெச்சிருக்கார்" என்று கண்ணைச் சிமிட்டிவிட்டு வாழைமரக்காரனைத் திட்டப் போனார்.

'என்னமோ' என்ற வார்த்தை ஜெய்ராமுக்குப் பிடிக்கவில்லை. கூலிக்கு எவ்வளவு என்று உண்டு. என்னமோ என்று கிடையாது.

மத்தியானம் ரோஹிணி டிபன் கேரியரோடு வந்தாள். தங்கை. ஜாதவ்பூரில் எம்.ஏ. படிக்கிறாள். பிறந்ததிலிருந்து அண்ணனைத் 'தாதா' என்றுதான் கூப்பிட்டு வழக்கம். தமிழ் நாக்கு வங்காளத்தில் வளர்ந்தால் இப்படித்தான்.

"தாதா, உன்கிட்ட ஒண்ணு சொல்லணும். கோபப்படாதே."

"சொல்லு."

"வெள்ளிக்கிழமை கமிட்டி மீட்டிங்ல ஒயரிங் செலவு பத்திப் பேச்சு வந்ததாம். அப்பா எழுந்து, 'பையன் கைங்கர்யமா பண்றான், ஒரு பைசா வேண்டாம்'னுட்டாராம். செயலாளரே சொல்லிட்டார்னு எல்லாரும் கைதட்டினாளாம். ஜெயலக்ஷ்மி மாமி இப்பத்தான் பஸ் ஸ்டாண்டுல சொன்னா."

ஜெய்ராம் எலுமிச்சை சாதத்தைக் கீழே வைத்தான்.

"என்னை குமாஸ்தா ஆக்கறதுக்காகவே பண்ணியிருக்கார்."

"இல்ல தாதா. அவ்வளவு தூரம் அவர் யோசிக்கலை. நாலு பேர் கைதட்டினா அப்பாவுக்கு வேற எதுவும் ஞாபகம் இருக்காது. உன்னையே மறந்திருப்பார்."

"அது இன்னும் மோசம்."

"மோசம்தான்" என்றாள் ரோஹிணி. "அப்பளத்தைச் சாப்பிடு. நமுத்துப் போறது."

சாயந்திரம் ஹால் நிரம்பியது. மேடையில் ராமர் படம். படத்துக்கு வலதுபுறம் தலைவர் துரைசாமி, இடதுபுறம் செயலாளர் வைத்தீஸ்வரன். துரைசாமி சணல் கம்பெனியில் ஜெனரல் மானேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவர் குரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தன்னைப் பற்றிப் பேசும்போது 'நாம்' என்பார்.

புது விளக்குகள் பளிச்சென்று எரிந்தன. ஃபேன்கள் சத்தமில்லாமல் சுழன்றன. துரைசாமி மைக்கைத் தட்டினார்.

"இந்த ஒளி எங்கிருந்து வந்தது?" என்று கேட்டார். கூட்டம் மேலே பார்த்தது. "பல்பிலிருந்து அல்ல. பக்தியிலிருந்து! நமது செயலாளரின் புதல்வர், இளம் இன்ஜினீயர் ஜெய்ராம், ஒரு பைசா எதிர்பார்க்காமல் பகவானுக்குச் செய்த கைங்கர்யம் இது. நாம் அவருக்குப் பொன்னாடை போர்த்தி கௌரவிக்கிறோம்."

கைதட்டல். ஜெய்ராமைப் பிடித்து மேடையில் ஏற்றிப் போர்த்தினார்கள். சித்திரை வெயிலின் சூடு தணியாத அந்த வேளையில், கல்கத்தாவின் புழுக்கத்தில், கனமான சரிகைச் சால்வை. அது கௌரவமா தண்டனையா என்பது அவரவர் தோளைப் பொறுத்தது. அவன் அப்பாவைப் பார்த்தான். வைத்தீஸ்வரனின் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. மனுஷர் மெய்யாகவே சந்தோஷமாக இருந்தார். அதுதான் ஜெய்ராமுக்குத் தாங்கவில்லை.

சால்வையோடு மேடையிலிருந்து இறங்கினான். ஹாலின் பக்கவாட்டு அறைக்குப் போனான். மெயின் சுவிட்சை இறக்கினான். பீங்கான் ஃபியூஸ்கள் மூன்றையும் பிடுங்கி பேண்ட் பாக்கெட்டில் போட்டுக்கொண்டான்.

இது அவன் கண்டுபிடித்த யுக்தி இல்லை. கல்கத்தா மிஸ்திரிகளின் பழைய சட்டம். கூலி கொடுக்காத வீட்டில் மிஸ்திரி சண்டை போட மாட்டான், குரலை உயர்த்த மாட்டான். ஃபியூஸைப் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்து பீடி பற்றவைப்பான். பீடி முடிவதற்குள் வீட்டுக்காரர் பர்ஸோடு வந்துவிடுவார்.

ஜெய்ராம் இருட்டில் ஒரு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து காத்திருந்தான். இதோ இப்போது கூச்சல் கிளம்பும். இதோ யாராவது ஓடி வருவார்கள்.

"லோட்ஷெடிங்!" என்றது ஒரு குரல், ஹாலிலிருந்து. சாவதானமாக.

"லோட்ஷெடிங்" என்றது கூட்டம். அதைவிட சாவதானமாக.

கல்கத்தாக்காரனுக்கு மின்சாரம் போவதில் என்ன அதிசயம்? அது இருப்பதுதான் அதிசயம். குத்துவிளக்கைத் தூண்டினார்கள். மெழுகுவத்தி வந்தது. போதாக்குறைக்கு, ராம நவமிக்கு விசிறி தானம் செய்வது வழக்கம். பானகமும் நீர்மோரும் கொடுக்கும்போதே ஆளுக்கொரு பனையோலை விசிறி கொடுத்திருந்தார்கள். ஹால் முழுக்க விசிறிகள் ஆடத் தொடங்கின. பானகம் இரண்டாவது சுற்று வந்தது. சில பேருக்கு ஃபேனைவிட இது தேவலை என்று தோன்றிவிட்டது.

துரைசாமி மைக் இல்லாமலே தொடர்ந்தார். மைக் இருந்ததற்கும் இல்லாததற்கும் வித்தியாசம் தெரியவில்லை. "பொறுமை! ராமபிரான் பதினாலு வருஷம் பொறுத்தார். நாம் ஒரு மணி நேரம் பொறுக்க மாட்டோமா?" என்று கேட்டுவிட்டு, அரசாங்கத்தைத் திட்ட ஆரம்பித்தார்.

ஜெய்ராம் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தே இருந்தான். வேலைநிறுத்தம் செய்தவன் இங்கே. வசவு அரசாங்கத்துக்கு.

ரோஹிணி தடவிக்கொண்டே உள்ளே வந்தாள். "தாதா? நீயா?"

"நான்தான்."

"யாருக்குமே தெரியலை."

"தெரியலை."

"தூர்!" என்று வங்காளத்தில் அலுத்துக்கொண்டாள். "போய்ச் சொல்லு."

"ஸ்ட்ரைக் பண்றேன்னு நானே போய் அனௌன்ஸ் பண்ணணுமா?"

"பண்ணித்தான் ஆகணும். மைக் வேற இல்லை, கத்தணும்."

அதற்கு அவசியம் இல்லாமல் போயிற்று. பெண்கள் வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ராஜலக்ஷ்மி வெளியே எட்டிப் பார்த்தாள். பக்கத்து வங்காளி வீட்டில் டி.வி. அலறிக்கொண்டிருந்தது.

"அவா ஆத்துல லைட் எரியறதே!" என்றாள்.

விசிறிகள் நின்றன. எதிர்வீட்டிலும் எரிந்தது. தெருவிளக்கும் எரிந்தது. எல்லோருக்கும் இருக்கிற மின்சாரம் தனக்கு மட்டும் இல்லையென்றால் எவனுக்கும் பொறுக்காது. ஒரு நிமிஷம் முன்பு ராமபிரானாக இருந்த கூட்டம் கசகசவென்றது.

"ஜெய்ராம்!" என்று கர்ஜித்தார் துரைசாமி. "எங்கே நம்ம இன்ஜினீயர்? வந்து பார்க்கச் சொல்லுங்கோ."

ஜெய்ராம் வந்தான். சால்வையை மடித்துக் கையில் வைத்திருந்தான். அதன்மேல் மூன்று ஃபியூஸ்கள்.

"கரெண்ட் போகலை மாமா. ஃபியூஸ் என்கிட்ட இருக்கு. கூலி வந்தா போட்டுடறேன்."

மெழுகுவத்தி வெளிச்சத்தில் வைத்தீஸ்வரனின் முகம் தெரியவில்லை. அந்த மட்டில் நல்லது.

"என்ன இது? பகவான் சன்னிதியில பேரமா?" என்றார் துரைசாமி.

"பேரமே இல்லை மாமா. பேசின ரேட்தான். பாயிண்டுக்கு முப்பது."

சுந்தரம் முன்வரிசையில் இருந்தார். பக்தி வேறு, பழக்கம் வேறு. முப்பது என்று காதில் விழுந்ததும் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"முப்பதா? அநியாயம்! இருபது வெச்சுக்கோ."

பேரம்! தொழில் தொடங்கியதிலிருந்து முதல்முதலாக ஒரு தமிழர் ஜெய்ராமிடம் பேரம் பேசுகிறார். அந்த சந்தோஷத்தில் இருபதுக்கே ஒத்துக்கொண்டுவிடுவான் போலிருந்தது.

"சுந்தரம்!"

மேடையில் வைத்தீஸ்வரன் எழுந்து நின்றிருந்தார்.

"போன தடவை பூஜைக்கு ஹரிபத மிஸ்திரி வந்தானே. அவனுக்கு என்ன குடுத்தோம்?"

"அது... முப்பது."

"என் பிள்ளைக்கு மட்டும் இருபதா? ஹரிபதனைவிட மட்டமா அவன்?"

"அப்படி இல்லை வைத்தி. அவன் மிஸ்திரி. உம்ம பையன் இன்ஜினீயர்..."

"இன்ஜினீயருக்கு மிஸ்திரியைவிடக் குறைச்சலா? எந்த ஊர்க் கணக்குய்யா இது?"

துரைசாமி கையை உயர்த்தினார். "வைத்தீஸ்வரன், கைங்கர்யம்னு கமிட்டியில சொன்னது நீர்தானே?"

"சொன்னேன். இனாம்னு சொன்னேன். மட்டம்னு சொல்லலை!"

பையனின் கூலியைத் தின்ற அதே கௌரவம் இப்போது அதற்காக வரிந்துகட்டிக்கொண்டு நின்றது. ராஜலக்ஷ்மி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிப்பா அழுகையா என்று பக்கத்தில் இருந்த ஜெயலக்ஷ்மி மாமிக்குத் தெரியவில்லை. உத்ஸவம் முடிகிற வரைக்கும் அதே யோசனையாக இருந்தாள்.

சுந்தரம் முணுமுணுத்துக்கொண்டே கைப்பையைத் திறந்தார். மெழுகுவத்தி வெளிச்சத்தில் செக் எழுதினார். கூடவே ரசீதும். 'ஹால் ஒயரிங், எலக்ட்ரீஷியன் ஜெய்ராமுக்குக் கூலி' என்று எழுதி, எழுதியதைச் சத்தமாகவும் படித்தார். பாயிண்டுக்குப் பத்து ரூபாய் தோற்றவர் வேறு எப்படித்தான் பழி தீர்த்துக்கொள்வது?

மண்டலியின் செக்குக்கும் செலவு ரசீதுக்கும் இரண்டு கையெழுத்து வேண்டும். தலைவர், செயலாளர். துரைசாமி முகத்தைத் திருப்பிக்கொண்டே தன் பங்கைக் கிறுக்கினார். பிறகு செக்கும் ரசீதும் வைத்தீஸ்வரனின் கைக்கு வந்தன.

அவர் பேனாவைத் திறந்தார். ரசீதைப் படித்தார். மறுபடி படித்தார்.

ஹால் மொத்தமும் பார்த்துக்கொண்டிருந்தது. வாதாடினது ஒரு சங்கதி. என் பிள்ளை எலக்ட்ரீஷியன், கூலிக்கு வேலை செய்தான் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுப்பது வேறு சங்கதி.

பேனாவை மூடினார். "கண்ணாடி கொண்டு வரலை. ஆத்துக்குப் போய்ப் போடறேன்."

கண்ணாடி அவர் மூக்கின்மேல் இருந்தது. சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. செக்கையும் ரசீதையும் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

ஜெய்ராம் ஃபியூஸ்களோடு அப்படியே நின்றான். போடுவதா, வேண்டாமா? சட்டப்படி கூலி இன்னும் வரவில்லை.

"போட்டுடுடா ஜெய்ராம். குழந்தைகள்லாம் வேர்த்துக் கொட்டிண்டிருக்கா" என்றாள் ராஜலக்ஷ்மி, ஜன்னலோரத்திலிருந்து.

போட்டான். வெளிச்சம் வந்தது. எல்லோரும் கைதட்டினார்கள். துரைசாமி எழுந்து வணங்கி அதை ஏற்றுக்கொண்டார்.

உத்ஸவம் முடிந்து நாலு பேரும் நடந்தே வீடு திரும்பினார்கள். வைத்தீஸ்வரன் வழக்கம்போல் நாலடி முன்னால். ரோஹிணியும் ராஜலக்ஷ்மியும் பின்னால். டாக்குரியா ஸ்டேஷனில் ஏதோ லோக்கல் வந்து நின்ற சத்தம் கேட்டது. ஜெய்ராம் எட்டி நடந்து அப்பாவின் பக்கத்தில் வந்தான்.

"அப்பா, முழுக் கூலி வாங்கிட்டேன். முப்பதுக்கு ஒரு பைசா குறையலை. டல்ஹௌசிக்கு இனிமே நான் போக வேண்டாம்."

"கையில வெச்சுக் காட்டணும்னுதானே பேச்சு? எங்கே, கையைக் காட்டு."

ஜெய்ராம் பல்லைக் கடித்தான். "உங்க சட்டைப் பையில இருக்கு."

"ஒரு கையெழுத்து இல்லாத செக்குக்கு என்ன மதிப்புன்னு கவுன்ட்டர்ல வரவாளுக்கெல்லாம் இத்தனை வருஷமா நான்தான் சொல்லிண்டிருக்கேன். வெறும் காகிதம்."

"எனக்காகச் சண்டை போட்டது யாரு அப்போ?"

"உனக்காக எங்கே போட்டேன்? ஹரிபதன் முப்பது வாங்கினான், அதனால போட்டேன்."

"எதுக்கோ போட்டேள். கையெழுத்தையும் போட்டுடுங்கோ."

"நாளைக்குக் காலம்பற."

"காலம்பற பத்து மணிக்கு அங்கே ஆபீஸ்ல இருக்கணுமேப்பா நான்! எப்போ போடுவேள்?"

பின்னால் வந்த செருப்புச் சத்தம் நின்றது. ராஜலக்ஷ்மியும் ரோஹிணியும் நடக்காமல் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

வைத்தீஸ்வரன் சட்டைப் பையின்மேல் கையை வைத்துக்கொண்டார். திரும்பிப் பார்க்கவில்லை.

"பத்துக்கு முன்னாடியா, பின்னாடியா? அதைத்தான்டா நானும் யோசிச்சிண்டு வரேன்" என்றார்.